லிங்க் ரோட்டைக் கடக்க உதவியவர்களுக்கு

தாராவி, சயான், மாட்டுங்கா பகுதித் தமிழன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலிருந்து மகாராஷ்டிரா நேச்சர் பார்க் நடக்கும் தூரம்தான். நடுவில் சயான்–பாந்திரா லிங்க் ரோடு. அதைக் கடந்து அந்தப் பூங்காவுக்குள் காலெடுத்து வைத்திராத பிள்ளைகள்தாம் என் வகுப்பில் அதிகம். இந்தக் கல்வியாண்டில் அது மாறியது. மாற்றியவர்களுக்கு ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை போர்த்தி இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம். யார் என்ன செய்தார்கள் என்பது அதில் வராது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மையாருக்கு. பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர்கள் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். போனோம். ஆளுக்கொரு மரத்தடியைக் காட்டி, அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள் என்றார். ஆசிரியர்களை வாய்மூடி உட்காரவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆசிரியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பிறகு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: பிள்ளை பார்த்து முடிக்கும்வரை எதற்கும் பெயர் சொல்லக் கூடாது.

அந்த நிபந்தனையின் அருமை எருக்கஞ்செடியருகே புரிந்தது. சனிக்கிழமைகளில் அனுமாருக்கு மாலை கட்ட இங்கே விற்கிறார்களே, அதே எருக்குதான். இலையடியில் ஒரு புழு. உடல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையங்கள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகள். பிள்ளைகள் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். புழு நேராக இலையைத் தின்னவில்லை. முதலில் நரம்பைக் கடித்தது. பால் கசிந்தது. அதற்கு அப்பாலிருந்த இலைப்பகுதிக்கு நகர்ந்து அங்கே தின்னத் தொடங்கியது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, பாலை வடித்துவிட்டுச் சாப்பிடுகிறது என்று ஒரு சிறுமியே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். மீதமிருக்கும் நஞ்சு அதன் உடலில் சேர்வதையும், அதனால் பறவைகள் அதை ஒதுக்குவதையும், அது வளர்ந்தால் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி ஆகும் என்பதையும் அடுத்த வாரம்தான் வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் முதலில் எழுதிப்போட்டிருந்தால் அந்தச் சிறுமிக்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருந்திருக்கும்?

பூங்காவின் தோட்டக்காரருக்கு அடுத்த நன்றி. அந்த 37 ஏக்கரும் ஒருகாலத்தில் நகரத்தின் குப்பைமேடு. 1983இல் பறவையியலாளர் சாலிம் அலி முதல் மரக்கன்றை நட்டார்; 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. இதை நான் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. கன்று நடக் குழி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, குழியின் ஓரத்தைக் காட்டினார். மேலே இலைமக்கு, கீழே மண், அதற்கும் கீழே வெளுத்துப்போன பிளாஸ்டிக் துணுக்குகள். தாராவியின் மறுசுழற்சிப் பட்டறைகள் இருக்கும் 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம்பிரிப்பவரின் மகன் ஒரு துணுக்கை எடுத்து வளைத்துப் பார்த்து, இதை உருக்கினால் இன்னும் தேறும் என்றான். அன்றைய வகுப்பை மேற்கொண்டு நடத்தியவன் அவன்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பையன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீனவர் குடியிருப்பான தாராவி கோலிவாடாவிலிருந்து வந்த ஆஜிக்கு, அதாவது பாட்டிக்கு, எப்படி நன்றி சொல்வது? அவர் மராட்டியில் பேச, எங்கள் பிள்ளைகளே எனக்கு மொழிபெயர்த்தார்கள். அலையாத்தி இலையில் உப்புப் பூத்திருப்பதைக் காட்டினார். மித்தி ஆற்றோரத்து இலையை நாவில் வைக்க நான் யாரையும் விடவில்லை. விரலால் தடவினால் போதும், பொரபொரவென்று தெரிந்தது. சேற்றிலிருந்து ஈட்டி ஈட்டியாக எழும் மூச்சுவேர்களுக்கிடையில் முன்பு நண்டு பிடித்த கதைகளைச் சொன்னார். இப்போதைய நீரைப் பற்றி அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது; அவ்வளவு காரம்.

பெற்றோர்களிடம் வருகிறேன். படிப்பை விட்டுவிட்டுக் காட்டுக்கு ஏன் என்று முதலில் கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி. விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து விற்றுப் பிள்ளையைப் படிக்கவைப்பவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? அவர்கள் மனம் மாறியது மழையால்தான். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து, நாள்தோறும் அளந்து எழுதினார்கள். ஒருநாள் ஒரு தந்தை வந்து, மும்பை வெள்ளத்தில் மூழ்கிய 2005 ஜூலை 26 அன்று பெய்ததை இதில் அளக்க முடியுமா என்று கேட்டார். சாந்தாகுருஸில் அன்றைக்கு 944 மில்லிமீட்டர். பாட்டில் எங்கே போதும்? அவரே டேப்பைப் பிடிக்க, வகுப்புச் சுவரில் தரையிலிருந்து அந்த உயரத்துக்குக் கோடு போட்டோம். மூன்றாம் வகுப்புக் குழந்தையின் மார்புக்கு வந்தது. அந்த இரவைப் பற்றி அவர் பேசப் பேச, விகார், பவாய் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் மித்தியில் இறங்கி மாஹிம் கழிமுகத்துக்கு வருவதையும், ஆற்றின் அகலத்தை நாம் சுருக்கினால் என்ன ஆகும் என்பதையும் நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு, தடை சொன்ன தாய்மார்களே சாலையின் இருபுறமும் நின்று பிள்ளைகள் பத்திரமாகக் கடக்க உதவினார்கள். இட்லியும் வந்தது. சட்னி சற்று உறைப்பு.

தலைமையாசிரியை இல்லாமல் இதில் எதுவும் நகர்ந்திருக்காது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் புத்தகப்பை இல்லாத 10 நாள்கள் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. காகிதத்தில் இருப்பதைக் கால அட்டவணையில் ஏற்ற, கையெழுத்துப் போடும் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருந்தது. நிழலை வைத்து மரத்தின் உயரத்தைக் கணக்கிட வைத்த கணக்கு ஆசிரியருக்கும், எப்போது போனாலும் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்த காவலாளிக்கும் நன்றி.

ஜூனில் புதிய ஆறாம் வகுப்பு வருகிறது. பிள்ளைகளுக்கு ஆகும் அளவில் பழைய மழைக்கோட்டுகள் வீட்டில் சும்மா கிடந்தால் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். லிங்க் ரோட்டில் காலை எட்டு மணிக்கு நிற்க இன்னும் இரண்டு பெற்றோர் வேண்டும்.

அன்புடன்,
அறிவியல் ஆசிரியை,
தாராவி, மும்பை