ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள்: பொருள்களை உறையிட்டு விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஷாம்பு முதல் பிஸ்கட் வரை எங்கள் வீட்டுக்குள் வரும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புகிறவர்கள் நீங்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

மூன்று மாதமாகச் சேர்ந்த பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து, இரண்டு பெரிய பைகளில் கட்டிப் பழைய பிளாஸ்டிக் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரியவர் பைகளைத் தரையில் கொட்டினார். தண்ணீர் பாட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கினார், சலவைத் திரவக் கேன்களை இன்னொரு பக்கம் ஒதுக்கினார். மிச்சம் பாதிக்கு மேல் இருந்தது. அதை என் பக்கமே தள்ளிவிட்டார். "கழுவிக் கொண்டு வந்திருக்கீங்க, நல்லதுதான். ஆனா இதை யாரும் வாங்க மாட்டாங்க தம்பி. ஒவ்வொண்ணுலயும் நாலு சாமான் ஒட்டிக் கிடக்கு" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

திரும்பி வந்தவற்றில் ஒரு ஷாம்பு பாட்டில் இருந்தது. அன்று மாலை நானும் என் மகளும் அதைப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தோம். பாட்டிலின் அடியில் 1 என்று எண் இருக்கிறது, அதாவது பெட் (PET), தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். அதன்மேல் கழுத்து வரை இறுக்கிப் பிடித்திருக்கும் வண்ண உறை வேறு பிளாஸ்டிக். அது எந்த வகை என்று எங்கும் போடவில்லை. கையால் கிழிக்க முடியாமல் கத்தியால் கீறித்தான் எடுத்தோம். அப்புறம் அந்த பம்ப். தலைப்பகுதி ஒரு பிளாஸ்டிக், உறிஞ்சும் குழாய் இன்னொரு பிளாஸ்டிக். உள்ளே ஓர் எஃகு ஸ்பிரிங், ஒரு சின்னக் கண்ணாடிக் குண்டு. ஸ்பிரிங்கை வெளியே எடுக்கக் குறடு தேவைப்பட்டது. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று, என் கட்டைவிரலிலும் ஒரு வெட்டு. மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "இதைச் செஞ்சவங்க ஒரு தடவகூடக் கழட்டிப் பாக்கலையாப்பா?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் கேட்கிறேன்.

மறுசுழற்சி ஆலையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கைச் சில்லுகளாக நறுக்கிக் கழுவித் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார்கள். பெட் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். இரண்டையும் தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடும். அப்புறம் உருக்கிக் குருணையாக்குகிறார்கள். யோசித்துத் தேர்ந்தெடுத்தால் இவ்வளவு எளிது. ஆனால் வண்ண உறை பி.வி.சி.யாக, அதாவது தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக்காக இருந்தால், அதுவும் பெட்டோடு சேர்ந்தே மூழ்கிவிடும். பெட் உருகுவதற்குச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலத்தைக் கக்கி, நல்ல பெட்டையும் கெடுத்துவிடுகிறது. அலுமினியப் பூச்சும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் ஏடுகளும் ஒட்டிய உறையை எந்தத் தொட்டியிலும் பிரிக்க முடியாது. கரித்தூள் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் தட்டை, தரம் பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிரே அடையாளம் காண்பதில்லை. இதெல்லாம் எங்கள் குப்பைக் கூடையில் முடிவானது இல்லை. நீங்கள் வடிவமைக்கும்போதே முடிவாகிவிட்டது.

2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு முழுவதிலும் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து, கழுவிய ஒவ்வோர் உறையையும் கையில் வைத்துக்கொண்டு இது அந்த 9-இல் சேருமா என்றுதான் யோசிக்கிறேன்.

எங்கள் பங்குக்கு நாங்கள் குறைக்காமல் இல்லை. பையும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் வெளியே போவதில்லை. சில்லறையாகக் கிடைப்பதை வீட்டுப் பாத்திரத்திலேயே வாங்குகிறோம். பாட்டில் வேண்டாமே என்று மறுநிரப்புப் பைக்கும் மாறினோம். அதில் பிளாஸ்டிக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் பல ஏடுகள் ஒட்டிய பை. பெரியவர் முதலில் தள்ளிவிட்டதே அதைத்தான்.

அந்தப் பையின் பின்னால் அம்புகள் சுற்றும் முக்கோணமும் 7 என்ற எண்ணும் இருக்கின்றன. 1988-இல் வந்த அந்த எண் எந்தப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று சொல்லவில்லை. 7 என்றால் 'மற்றவை'. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2013-இல் அந்த எண்களுக்கான தரவிதியிலேயே அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் ஆக்கினார்கள். உங்கள் பையில் அம்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதே பையில் "பொறுப்போடு அப்புறப்படுத்துங்கள்" என்று எங்களுக்கு அறிவுரையும் அச்சிட்டிருக்கிறீர்கள். பிரிக்கவே முடியாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பிரித்துப் போடு என்று சொல்வது நியாயமில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் அவமானமாக இருக்கிறது.

சரி, கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது முடியாத காரியமும் இல்லை. ஜப்பானில் பானம் விற்பவர்கள் மறுசுழற்சிக்கு எளிதாக இருக்கட்டும் என்று வண்ண பெட் பாட்டிலைக் கைவிட்டு நிறமற்ற பாட்டிலுக்கு மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களில் மூடி பாட்டிலை விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் துறையில் உள்ளவர்களே அதைச் செய்துகாட்டினார்கள்.

ஆகவே தயவுசெய்து ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். உறை, மூடி, பம்ப் என்று வேறு பிளாஸ்டிக் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீரில் தானாகப் பிரிவதாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சி ஆகாததன்மேல் "ஆகாது" என்று எங்கள் கண்ணில் படும் அளவில் போடுங்கள்.

பிரித்த துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வண்ண உறையையும் மறுநிரப்புப் பையையும் எங்கே கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டில்களைக் கழுவி வைக்கும் ஒரு வாடிக்கையாளர்