தேதி போட்டு வை

பாப்பா,

போன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. பொங்கலுக்கு அப்புறம் நீ சரியாகவே பேசவில்லை, வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் ஒரு கட்டைவிரல் வருகிறது. சரி, வேலை இருக்கும். ஜெய்ப்பூரில் வெயில் ஆரம்பித்திருக்குமே, தண்ணீர் குடிக்கிறாயா? கண் டாக்டரிடம் போனாயா? நாள் முழுக்க லூப் பூதக்கண்ணாடியை ஒரே கண்ணில் வைத்துப் பார்த்தால் தலைவலி பிடுங்கும் என்று எங்கள் நகைக்கடையில் கல் பதிக்கிற தம்பி சொல்கிறான். நடுநடுவே எழுந்து நட.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சுகர் பரவாயில்லை. மாடி வீட்டுக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தங்கம் ஏறுகிற ஏற்றத்தில் கவுண்டரில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான், “பார்க்க நாலு பவுன் மாதிரி தெரியணும், ரெண்டு பவுனுக்குள்ள முடியணும்.” அப்போதெல்லாம் நகை வரைகிற உன்னை நினைத்துக்கொள்வேன். நகையை வார்க்க முதலில் மெழுகில் செய்கிற மாதிரி ஒரு கிராம் என்றால் 22 காரட்டில் கிட்டத்தட்ட 18 கிராம் வரும் என்று நீதானே கணக்குச் சொன்னாய். இரண்டு பவுன் 16 கிராம், அப்போ மெழுகு ஒரு கிராம்கூட வரக்கூடாது. நீ கம்ப்யூட்டரில் ஓரத்தைத் துளி தடியாக்கினால் இங்கே ஒருத்தி பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்து மூடிவிடுவாள். ரொம்ப மெலிதாக்கினாலோ இரண்டே மாதத்தில் நசுங்கிப்போய்த் திரும்பி வரும், திட்டு எனக்கு, வரைந்தவர்களுக்கு இல்லை.

போன வாரம் ஒரு அம்மா, பெண்ணுக்கு அட்டிகை பார்க்க வந்தார். ட்ரேயில் இருக்கும்போது அவ்வளவு அழகு. அந்தப் பெண் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள், பிரமாதம். அம்மா ஏதோ கேட்டார் என்று கழுத்தைத் திருப்பினாள் பார், ஒரு பக்கம் அப்படியே விறைத்துத் தூக்கிக்கொண்டு நின்றது. கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். நடுத்துண்டுக்கும் பக்கத்துத் துண்டுக்கும் இடையில் ஒரே ஒரு வளையம், அதுவும் இறுக்கம், எப்படி மடங்கும்? தாளில் நன்றாகத்தான் இருந்திருக்கும், யார் வரைந்தார்களோ, கழுத்து உருண்டை என்பது ஞாபகம் இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் காசு மாலை காட்டச் சொன்னார். நீ தரமணியில் படிக்கும்போது பட்டர் பேப்பரில் வரைந்து வெட்டி என் கழுத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டி, “திரும்பும்மா, குனியும்மா” என்று சமையலே செய்யவிடாமல் படுத்துவாயே, அதை விட்டுவிடாதே. பென்சிலையும் விட்டுவிடாதே. வரைகிற ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வை.

ஜிமிக்கி வரைந்தால் மாட்டலுக்கு ஒரு கொக்கி இடம் விடு. ஐம்பது வயசுக்கு மேல் காது இழுத்துப்போனவர்கள்தான் பெரிசாகக் கேட்கிறார்கள். முத்திரைக்கும் இடம் வேண்டும். 2023 ஏப்ரலில் இருந்து எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் உள்ள அந்த HUID அடையாள எண் இல்லாமல் கடையில் ஹால்மார்க் நகை விற்க முடியாது, நகை முழுக்க ஓட்டை வேலையாகச் செய்தால் எங்கே பொறிப்பது? உங்கள் ஊர்க் கல் நகைகளான குந்தன், போல்கிக்கு விலக்கு இருப்பதால் உனக்கு மறந்திருக்கும். மரகதத்தை மோதிரத்தில் வைக்கிறாய் என்றால் சுற்றிலும் தங்கக் கரை கொடு. பாத்திரம் தேய்க்கிற கை அது, ஷோகேஸ் கை இல்லை. அந்தக் கல்லை மெஷினில் போட்டுச் சுத்தம் பண்ணக் கூடாது என்றும் வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும், விரிசலில் ஏற்றியிருக்கிற எண்ணெய் போய் வெளிறிவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அப்புறம், உங்கள் கம்பெனி இன்ஸ்டாவில் ஒரு பதக்கம் பார்த்தேன். கிளி, தலையைத் திருப்பித் தன் வாலையே கொத்துகிறது. அந்தக் கிளியை எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க அதுதான், அதற்காக மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பியது வேறு. பெருமையாகப் பெரியம்மாவிடம் “என் பொண்ணு போட்டது” என்று நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்த பேரைப் படித்தாள். வேறு யாரோ பேர்.

நான் எதுவும் கேட்கவில்லை. வேலையில் இருக்கும்போது வரைந்தது கம்பெனிக்குத்தான் சொந்தமாம், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர்தான் உரிமையாளர் என்று 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டத்திலேயே இருக்கிறதாம், அப்பா விசாரித்தார். யாரிடம் என்று கேட்காதே. உரிமை அவர்களுடையதாகவே இருக்கட்டும், பேர் எங்கே போயிற்று? அதனால்தான் சொல்கிறேன், தேதி போட்டு வை. அலுவலக நேரத்துக்கு வெளியே உனக்காக வரைவதைத் தனி நோட்டில் வை, அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றாதே.

சித்தி பெண்ணிடம் மட்டும் பேசுகிறாய் போலிருக்கிறது. பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளைக் கேட்டால் “எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியம்மா” என்று ஓடுகிறாள். ஒன்றும் தெரியாதவள் ஏன் ஓட வேண்டும்? இத்தனை வருஷம் கவுண்டரில் நின்றவளுக்கு, வாங்க வந்தவர் யார், விற்க வந்தவர் யார் என்று கதவைத் திறக்கும்போதே தெரியும். பெற்ற பெண் விஷயத்தில் அது வேலை செய்யவில்லை.

இன்னொன்று. பெரியம்மா பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு மேல்கையில் போடுகிற வங்கி ஒன்று வேண்டுமாம், கடையில் வேண்டாம், பாப்பா வரைந்து கொடுக்கட்டும், சௌகார்பேட்டைப் பத்தரிடம் செய்துகொள்ளலாம் என்கிறாள். பேரைப் படித்ததற்குப் பிறகுதான் கேட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் கை அளவை நூலில் எடுத்து வைத்திருக்கிறேன், நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று. வரைகூலி கேட்டு வாங்கு, சொந்தம் என்று சும்மா செய்யாதே. அங்கே இருந்தும் வரையலாம், இங்கே வந்தும் வரையலாம், உன் சௌகரியம். நாலு நாள் என்றாலும் சரி, நாலு மாதம் என்றாலும் சரி, வீட்டில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் மேசை மேல் கிடந்த பழைய நியூஸ் பேப்பரை எல்லாம் எடைக்குப் போட்டாச்சு. விளக்குதான் எரியவில்லை. மஞ்சள் பல்ப் வாங்கினதற்குக் கல் நிறமே மாறிப்போகிறது என்று நீ போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறது, அதனால் நானாக வாங்கவில்லை. எந்த லைட் என்று மட்டும் அனுப்பு, கடை விட்டு வரும்போது வாங்கி வருகிறேன். கட்டைவிரல் அனுப்பாதே, அதை வைத்து நான் கடையில் கேட்க முடியாது.

அம்மா