அந்தத் தாள்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள ராமு,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம், வெயில்தான் ஆளைப் பொசுக்குகிறது. நம் குடைக்காரர் போன மாதம் தவறிவிட்டார். அந்த நூற்றைம்பது ரூபாயை இனி யாரிடம் போய்க் கேட்பாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி பத்தாம் வகுப்பு. பாசிசப் பாடம் சொல்லிக்கொடு தாத்தா என்றாள். பழைய வாத்தியார், விடுவேனா? இத்தாலி முசோலினியின் கருஞ்சட்டைப் படை என்றதும் "நம்ம ஊர் கருஞ்சட்டையா?" என்றாள். அது வேறு, இது வேறு என்று புரியவைக்கவே பத்து நிமிஷம் போயிற்று.

1922 அக்டோபரில் படை ரோமை நோக்கிக் கிளம்பியது. தலைவர் மட்டும் மிலானிலேயே இருந்துவிட்டு, ராத்திரி ரயிலில் தூங்கியபடி வந்து இறங்கினார். படையைத் தடுக்கக் கொண்டுவந்த ராணுவச் சட்ட உத்தரவில் அரசர் கையெழுத்துப் போட மறுத்ததால் கதவு திறந்துகிடந்தது. அடுத்த வருஷமே ஒரு சட்டம்: முதலிடம் வந்த கட்சி கால்வாசி ஓட்டு வாங்கியிருந்தால் போதும், மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்குத்தான். 1924 தேர்தலில் நடந்த அடிதடியை மாத்தெயோத்தி என்ற சோஷலிஸ்ட் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். பதினோராம் நாள் அவரைக் கடத்திக் கொன்றார்கள். எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்து, அரசர் ஏதாவது செய்வார் என்று வெளியிலேயே உட்கார்ந்திருந்தன. அவர் அசையவில்லை. 1926 முடிவதற்குள் மற்றக் கட்சிகளுக்குத் தடை, தனி நீதிமன்றம், தேர்ந்தெடுத்த மேயர்கள் இருந்த இடத்தில் நியமன ஆட்கள். பிடிக்காதவர்களை விசாரணைகூட இல்லாமல் லிப்பாரி, உஸ்திகா என்று ஏதாவதொரு தீவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் 1943இல் முசோலினியை நீக்கியதும் அதே அரசர்தான் என்றேன். "அதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே?" என்று சிரிக்கிறாள்.

இதுவரை நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் 1931க்கு வந்தேன். ஆட்சிக்கு விசுவாசமாக இருப்போம் என்று பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சத்தியம் செய்ய வேண்டும். சுமார் 1200 பேரில் மறுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு வேலை போயிற்று.

"மத்தவங்க எல்லாம் கெட்டவங்களா தாத்தா?"

இல்லை கண்ணு, பிள்ளைகுட்டி இருக்கும், சம்பளம் வேண்டும், நாம் போனால் அந்த இடத்தில் ஒரு முரடன் வந்து உட்காருவான் என்று நினைத்திருப்பார்கள் என்றேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

1976 பிப்ரவரி, ராமு, எமர்ஜென்சி சமயம். இங்கே ஆட்சியைக் கலைத்துப் பத்து நாள் இருக்குமா? அரசியலில் தலையிட மாட்டோம் என்று விடுதிக்கு ஒரு தாள் வந்ததே. நீ கையெழுத்துப் போடவில்லை, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரணி பஸ் ஏறினாய். வார்டன் என்னிடம் கேட்க மறந்துவிட்டார் என்று இத்தனை வருஷமாக உன்னிடம் கதை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

போட்டேன்டா. வரிசையில் மூன்றாவது ஆள். யாரும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை அதட்டிக்கூடப் பேசவில்லை. நீ மேஜையில் மறந்துவைத்துப் போன பேனாவில்தான் போட்டேன்.

பேத்திக்குச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில். ஆனியில் பெரியவன் வீட்டுக் கிரகப்பிரவேசம். வருகிறாய் என்றால் காட்பாடிக்கு வந்து நிற்கிறேன். கோபம் என்றால் கடிதம் போடு, போன் மட்டும் பண்ணாதே.

சேகர்