நடுப்பாகம் உன்னிடம் இருக்கிறது

அண்ணா,

நேற்று அப்பாவின் திதி. அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலைப் படைக்கக் கூடாது என்று பெரியம்மா இந்த வருடமும் சொன்னார். இந்த வருடமும் ஒரு கரண்டி சம்பலை அடுப்படியில் மூடி வைத்தேன். எல்லாரும் கிளம்பிய பிறகு நானே சாப்பிட்டேன். பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், விடியற்காலை மூன்று மணிக்கு ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவலை முடித்தேன்.

முழுவதும். நடுப்பாகத்தையும் சேர்த்து. புதுப் பிரதி ஒன்று வாங்கிவிட்டேன். உன்னிடம் கேட்டு வாங்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

ஊர் பார்க்கும் இடத்தில் ஏன் எழுதுகிறாள் என்று உனக்கு எரிச்சல் வரும். அண்ணியிடம் சொல்லி அனுப்பினால் வாசல் தாண்டுவதற்குள் அது வேறு சேதியாகிவிடும். இங்கே எழுதினால் நீ படிப்பாய். போன வருடம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ பற்றி எழுதியபோது பினாங்குத் தெரு ஒன்றின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டேன். பெயரில்லாத ஒரு மின்னஞ்சல் வந்து அதைத் திருத்தியது. ‘ஊர்க்காரி இப்படி எழுதலாமா’ என்று ஒரு குத்தல் வேறு. அந்தக் குத்தலை எனக்குத் தெரியாதா?

2009 ஞாபகம் இருக்கும். குவீன் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் கடையில் விஷ்ணுபுரத்தை எடுத்தாய், விலையைப் பார்த்து வைத்தாய், தெருமுனைவரை நடந்தாய், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் வாங்கினாய். அதற்கு முந்தைய மாதம்தான் சிங்காரத்தைப் படித்து முடித்திருந்தோம். நம் பினாங்கையும் சுமத்ராவின் மேடானையும் வைத்து எழுதிய கதை கையில் இருக்கும்போது, இல்லாத ஊர் ஒன்றின் கதைக்கு எண்ணூறு பக்கமா என்று கேட்டேன். “இல்லாத ஊருக்குத்தான் அவ்வளவு பக்கம் வேண்டும்” என்றாய். பெரிதாகச் சொல்லிவிட்டதாக ஒரு முகபாவம் வேறு.

பெர்ரிப் படகில் மேல் தட்டில் உட்கார்ந்தோம். அப்போது இக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து போகும்போது ஒரு வெள்ளி இருபது காசு, திரும்பி வருவதற்குக் கட்டணம் கிடையாது. அதனால் திரும்பி வரும் பெர்ரியில் எப்போதும் உனக்கு ஒரு தாராள குணம் வந்துவிடும். புத்தகத்தை என் மடியில் வைத்தாய். இதைத் தூக்கிக்கொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பஸ்ஸில் எப்படிப் படிப்பது, கை ஒடிந்துவிடும் என்றேன். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ இடுப்பிலிருந்து கயிறு அறுக்கும் கத்தியை எடுத்தாய்.

இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. முதுகுப் பசை பிளக்கும் சத்தம், பிறகு நூல் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தைக் காலால் மிதித்துவிட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் பிறந்தவன், அப்போதுதான் சாமி கும்பிட்டுவிட்டு வந்தவன், நெற்றியில் விபூதியோடு ஸ்ரீபாதம் என்ற முதல் பாகத்தையும் கௌஸ்துபம் என்ற நடுப்பாகத்தையும் பிரித்துக்கொண்டிருந்தாய். எதிரே இருந்த மலாய்ப் பாட்டி ஏன் வெட்டுகிறாய் என்று கேட்டார். “கனமாக இருக்கிறது, மக்சிக்” என்றாய். அவர் என்னைக் காட்டி, “அப்படியானால் இவளையும் வெட்டுவாயா?” என்றார். மேல் தட்டே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்தேன். பக்கவாட்டுக் காற்றில் நூல் துணுக்குகள் கடலுக்குப் பறந்தன.

முதல் பாகம் எனக்கு, நடுப்பாகம் உனக்கு, கடைசிப் பாகம் முதலில் முடிப்பவருக்கு. இதுதான் ஒப்பந்தம்.

ஸ்ரீபாதத்தை நான்கு முறை தொடங்கினேன். எத்தனை பேர், எத்தனை மடங்கள், எத்தனை பதவிகள்! யார் யாருக்குக் கீழே என்று ஒரு தாளில் எழுதி வைத்துப் படித்தேன். ஐந்தாவது முறைதான் அந்தப் பெரிய கோயிலும் சிவந்த சோனா ஆறும் கண்ணுக்குத் தெரிந்தன. நான் முடித்தபோதும் நீ நடுப்பாகத்தில்தான் இருந்தாய். ஒப்பந்தப்படி கடைசிப் பாகமான மணிமுடி என்னிடம் வந்தது. நடுவை விட்டுவிட்டு எப்படிப் படிப்பது என்றதற்கு, “தினமும் நான் சொல்கிறேன், நீ படி” என்றாய்.

சொன்னாய் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கொள்கலன் முனையத்தில் லாரி வரிசை நகராத இரவுகளில், தொழிற்சாலை இடைவேளை பார்த்து அழைப்பாய். சாங்கியன் என்ன சொன்னான், வைசேடிகன் எங்கே மடக்கினான், சமணன் எப்படி நழுவினான் என்று எனக்கு ஒரு ஞானசபையே கைப்பேசியில் நடந்தது. பிறகு மணிமேகலையில் சமயக் கணக்கர் காதையைப் படித்தபோது ஒவ்வொரு மதவாதியும் உன் குரலில்தான் பேசினான். பின்னணியில் டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

அதில் நீ ஒரு மோசடி செய்திருக்கிறாய். பௌத்தனான அஜிதன் விஷ்ணுபுரத்து அறிஞர் பவதத்தரை மடக்கும் இடம் என்று நீ சொன்ன லாரி. சக்கரம் லாரியா? இல்லை. எஞ்சின் லாரியா? இல்லை. கதவு, கண்ணாடி, அச்சு? இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தால் லாரி எங்கே போயிற்று? புத்தகத்தில் லாரி எப்படி வரும் என்ற சந்தேகம்கூட எனக்கு வரவில்லை. அங்கே தேர் இருக்கும், எனக்குப் புரிவதற்காக நீ லாரியாக்கியிருப்பாய் என்று நினைத்தேன். நாகசேனர் மிலிந்த மன்னனுக்குச் சொன்ன தேர் உவமை அது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கேயோ படித்ததை அஜிதன் வாயில் போட்டிருக்கிறாய். நேற்று இரவு அந்த விவாதத்தைப் படிக்கும்போது லாரி வரும், லாரி வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நடுவை விட்டுவிட்டுப் படித்தவளுக்கு அந்த நாவல் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு பாகத்தில் வியர்த்து, சந்தேகப்பட்டு, பொய் சொன்ன ஆள் இன்னொரு பாகத்தில் கோயில் ஐதீகமாகிவிடுகிறான். யாரோ ஒருவனின் தற்செயல் சடங்காகிறது, சடங்குக்கு ஒரு கதை முளைக்கிறது, கதைக்கு ஒரு சிலை. மூன்று கருவறைகளில் பாதமும் உந்தியும் முகமுமாகப் பிரிந்து கிடக்கும் அந்தப் பெரிய உருவத்தை யாரும் ஒரே பார்வையில் பார்த்ததில்லை. கோயிலுக்குள் இருப்பவர்களுக்கு அவர் விஷ்ணு. மலையில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய பெருமூப்பன். யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பார் என்று காத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது பாதமும் முடியும்தான்.

நேற்றுப் பெரியம்மா வீட்டார் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிர்ந்து ஒரு சொல் சொல்லாதவராம். கையில் எறும்பு ஊர்ந்தாலும் ஊதித் தள்ளுவாராம். நான் பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். மறுத்துப் பேசவில்லை. அவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அப்பாவின் பதினாறாம் நாள் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

வாதத்துக்கு அழைக்க நாவல் மரக் கிளையை நட்டு வைத்துக் காத்திருந்த குண்டலகேசி மாதிரி, அன்று கூடத்தின் நடுவில் கிளையை நட்டவள் நான்தான். மறுக்கவில்லை. லாரியிலிருந்து 2011இல் ஒரு ராத்திரி நீ எனக்கு மட்டும் சொன்ன ஒன்றை, முப்பது பேர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்துப் போட்டேன். என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சபையில் சொன்னதற்கு.

ஆனால் அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நீ என்ன சொன்னாய்? வேலையை விட்டுவிட்டு, மூன்று வருடம் இரவில் நான்கு முறை எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தவளைப் பார்த்து, “வீட்டில்தானே இருந்தாய்” என்றாய். ‘தானே’ என்ற அந்த ஒரு சொல்லை நான் இன்னும் கழற்றி வைக்கவில்லை, அண்ணா. வீட்டில் இருந்தேன் என்று சொல்லியிருந்தால் உண்மை. தொழிற்சாலையில் அந்த மூன்று வருடத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள் மேற்பார்வையாளர் ஆனாள். அதை நான் யாரிடமாவது சொன்னேனா?

நான்தான் ஜெயித்தேன். கூடமே அடங்கிவிட்டது. சின்ன மாமா குனிந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பாதி இலையில் எழுந்து, கை கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாய். பிறகு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கௌஸ்துபம் லாரியில் இருக்கிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. விவாதம் முடிந்த அன்று நீ அழைத்து, “அஜிதன் வென்றுவிட்டான். அவ்வளவுதான், போய் வேலையைப் பார்” என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஞானசபை நடக்கவே இல்லை. நானும் அவ்வளவுதான் என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தேன். நேற்று அந்தப் பக்கத்தைத் திருப்பினால், அவ்வளவுதான் இல்லை. வென்றவன் பேசிய பேச்சு அவன் கண் முன்னாலேயே அதிகாரமாக மாறுகிறது. வெற்றியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு யாரோ. கடைசியில் அவனுக்குத் துணை அவன் தனிமைதான். எத்தனை பக்கம்! இதையெல்லாம் நீ படித்தாயா இல்லையா? படிக்காமல் மூடி வைத்துவிட்டு முடிந்துவிட்டது என்றாயா, படித்துவிட்டு என்னிடம் மறைத்தாயா? எது என்றாலும் கோபம்தான் வருகிறது. தர்க்கம் என்றால் உனக்குக் கொண்டாட்டம், அது முடிந்த பிறகு வருவதைக் கூட இருந்து கேட்க உனக்கு நேரம் இருந்ததே இல்லை. அப்பா விஷயத்திலும் அப்படித்தான். சரி, விடு.

அந்தப் பக்கங்கள் தெரிந்திருந்தால் அன்று வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூடியிருக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம், நீ சிரிப்பாய். 2017 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததே, அப்பாவைக் கட்டிலோடு தூக்கி மேசை மேல் வைத்தோமே. ஸ்ரீபாதம் அலமாரி உச்சியில் இருந்ததால் தப்பியது. மணிமுடி கட்டிலுக்கு அடியில் இருந்தது. பிரளயத்தில் ஊர் மூழ்கும் பாகம்தான் நனைந்தது. வெயிலில் காயவைத்ததில் இரண்டு மடங்காக உப்பி, இப்போது தனியாகவே ஒரு முழுப் புத்தகம் மாதிரி இருக்கிறது. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். புத்தகத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை என்று நீ சொல்வாயோ என்று பயந்தேன். கத்தியால் வெட்டியவனுக்கு நான் பயந்திருக்கிறேன் பார்.

போன வாரம் புதுப் படகில் அக்கரைக்குப் போனேன். கார் ஏற்றாத படகு, கண்ணாடி அடைத்து, குளிர்சாதனம் போட்டிருக்கிறார்கள். பெரிய பழைய பெர்ரிகளை 2020 கடைசியோடு நிறுத்தியபோது உன் நினைவுதான் வந்தது. இப்போது இருப்பதில் உட்கார்ந்து யாரும் எதையும் அறுத்தால் நூல் கடலுக்குப் போகாது, காலடியில்தான் கிடக்கும்.

பழைய இரண்டு பாகங்களையும் ஒரு பையில் போட்டு அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். உப்பியதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். எனக்குப் புதுப் பிரதி இருக்கிறது, நடுப்பாகத்தை நீ திருப்பித் தர வேண்டாம். அதன் ஓரங்களில் பென்சிலால் நீ எழுதியிருப்பாய், எழுதாமல் உன்னால் படிக்க முடியாது. அஜிதன் பக்கத்தில் எங்கேயாவது லாரி படம் இருக்கிறதா என்று மட்டும் பார்.

பழைய லாரியை விற்றுவிட்டதாக அண்ணி சொன்னார். விற்கும்போது இருக்கைக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் எடுத்தாயா?

தங்கை