பொங்கல் வாரம் கென்னலைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பொங்கல் வாரம் முழுக்க நம் பின்கட்டில் இருக்கிற கென்னலை, அதாவது நாய்க் காப்பகத்தை, நீ பார்த்துக்கொள்கிறேன் என்றதும் அப்பாவுக்கும் எனக்கும் பெரிய நிம்மதி. உன் கல்லூரித் தோழிகள் நாலு பேரும் அதே வாரத்தில் மாதவரம் வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள் என்றாய். தாராளமாக வரட்டும். ஆனால் ஊரிலிருந்து விருந்தாளி வருகிற நாளும் கூண்டுகள் நிறைகிற நாளும் ஒன்றாகத்தான் வரும், ஏனென்றால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள்தான் நாயை நம்மிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் சமையல் நேரம், படுக்கும் இடம், தூங்கும் நேரம் எல்லாம் உங்கள் இஷ்டம். பின்கட்டில் மட்டும் நேரமும் கதவும் கொஞ்சம்கூட மாறக்கூடாது. வீட்டாரைப் பிரிந்து வந்த நாய்க்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் மனசு அடங்கும். இன்றைக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு, நாளைக்கு ஒன்பது மணிக்கு என்று ஆனால் அது குலைத்துக்கொண்டே இருக்கும், பேதி போகும், சாப்பிடாது.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நாய் தொலைவது பெரும்பாலும் அங்கேதான். பின்கட்டுக்கு இரண்டு கேட். வெளிக்கேட்டைச் சாத்திக் கொண்டி போட்ட பிறகுதான் உள்கேட்டைத் தொட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. கூண்டுக் கதவுகள் எல்லாம் உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: நாய் உள்ளிருந்து முட்டினால் கதவு இன்னும் இறுகும். கதவைத் திறக்கும் முன் சுருக்குக் கயிறு உன் கையில் தயாராக இருக்கட்டும். கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதே. பயந்த நாய் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். சுருக்குக் கயிறு இழுக்க இழுக்க இறுகுவதால் உருவ முடியாது. பட்டையும் இருக்க வேண்டும், அதற்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்கு.

தோழிகள் இருக்கிற நாள்களில் வெளிக்கேட்டுக்குப் பூட்டு போட்டுச் சாவியை உன் கழுத்திலேயே மாட்டிக்கொள். கையில் காபியோடு ஒருத்தி எட்டிப் பார்க்க வருவாள், காலால் கேட்டைத் தள்ளிச் சாத்துவாள், கொண்டி விழுந்திருக்காது. யார் மேலும் தப்பில்லை, அவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். தோழிகள் வருவதும் போவதும் தெருப்பக்க வாசல் வழியாக மட்டும் இருக்கட்டும். ஏதாவது ஒன்று வெளியே ஓடிவிட்டால் துரத்தாதே. துரத்தினால் அது ஜி.என்.டி. சாலைப் பக்கம் போய்விடும், அங்கே லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கமாக நாலடி ஓடி, குந்தி உட்கார்ந்து, அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. சாப்பாட்டுத் தட்டைத் தட்டு. பெரும்பாலும் திரும்பி வரும்.

நாயை விட வருகிறவர்களுக்குக் காலை 9 முதல் 11, மாலை 4 முதல் 6 என்றுதான் சொல்லியிருக்கிறேன். தோழிகளைக் கூப்பிட சென்ட்ரலுக்கோ பெரம்பூருக்கோ போவதாக இருந்தால் இந்த நேரத்தைத் தவிர்த்துவிடு, இல்லாவிட்டால் அவர்களை ஆட்டோ பிடித்து வரச் சொல். ஒவ்வொரு நாய்க்கும் தடுப்பூசிப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார். வெறிநாய்க்கடி ஊசி, பார்வோ என்ற வாந்திபேதி வைரஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி, இரண்டும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். நேற்றுதான் போட்டேன் என்றால் ஏற்காதே, உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு வாரமாவது வேண்டும். இணை தேடும் பருவச் சூட்டில் இருக்கிற பெட்டையையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது சுமார் மூன்று வாரம் நீடிக்கும், ஒன்று வந்தால் கூண்டில் இருக்கிற ஆண் நாய் எதுவும் சாப்பிடாது, தூங்காது. ஒவ்வொரு நாயின் அட்டையிலும் எழுத வேண்டியவை: உரிமையாளர் எண், ஊரில் இருக்கும்போது எடுக்கிற இன்னொரு எண், வழக்கமான டாக்டர், மருந்தும் வேளையும், எதற்குப் பயப்படும், அவசரத்தில் எவ்வளவு வரை செலவு செய்யலாம். கடைசியில் இருப்பதைக் கேட்கக் கூச்சப்படாதே. ராத்திரி பதினோரு மணிக்கு அவர்கள் போன் எடுக்காவிட்டால் அந்த ஒரு வரிதான் உன்னைக் காப்பாற்றும்.

புத்தகம் பார்த்த கையோடு உண்ணி பார். விரல் இடுக்கு, காது மடலின் உள்பக்கம், பட்டைக்குக் கீழே, அக்குள், வாலடி. இருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு, சோப்புத் தண்ணீரில் போடு. நகத்தால் நசுக்காதே. சென்னையில் நாய்களிடம் இருக்கும் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரே ஒரு நாயோடு வந்த உண்ணி மாசக் கணக்கில் நம் சுவரில் குடியிருக்கும். அதனால்தான் அப்பா எந்த விரிசலைப் பார்த்தாலும் சிமெண்ட் வைத்து அடைக்கிறார்.

காலையில் 5.30-க்கு முதல் முறை முற்றத்தில் விடு. குலைப்புச் சத்தத்தில் தோழிகள் விழித்துவிடுவார்கள், அதை வந்த அன்றே சொல்லி வை. அப்போது பக்கத்துத் தெருவுக்கே கேட்கும் என்பதால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விடாமல், ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றை இரண்டிரண்டாக விடு. வாயை மூடு என்று நீ கத்தினால் நீயும் சேர்ந்து குலைக்கிறாய் என்றுதான் அவற்றுக்குத் தோன்றும். தெருப்பக்கக் கூண்டுகளுக்குப் பச்சை வலையை இறக்கிவிட்டால் பாதிச் சத்தம் குறையும், ஏனென்றால் அவை பார்த்துத்தான் குலைக்கின்றன.

அப்புறம் கழுவல். நாயை வெளியே எடுத்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். மலத்தைச் சுரண்டி எடு, தண்ணீர் அடி, சோப்பு போட்டுத் தேய், அலசு, அதற்கப்புறம்தான் ப்ளீச்சிங் பவுடர். பத்து லிட்டர் வாளிக்கு 60 கிராம், எடை மெஷினில் போட்டுப் பார். ஒரு மக்கில் கரைத்துத் தெளிய விட்டு மேல்நீரை மட்டும் வாளியில் ஊற்று. தரையிலும் சுவரில் மூன்றடி உயரம் வரைக்கும் பூசி முழுசாகப் பத்து நிமிஷம் விடு. ஃபினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று ஊரே நினைக்கிறது, ஆனால் பார்வோ வைரஸ் அதற்குச் சாகாது, குளோரினுக்குத்தான் சாகும். அந்தக் குளோரின் அழுக்கைத் தொட்டாலே வீரியம் இழந்துவிடும். முதலில் கழுவச் சொல்வது அதற்குத்தான். மூத்திரம் தேங்கிய தரையில் நேராக ஊற்றினால் கண் எரியும் வாயு வரும், கழிவறை ஆசிட்டோடு கலந்தால் அதைவிட மோசம், உயிருக்கே ஆபத்து. அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே கொட்டிவிடு. பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை, ஈரக் காற்றில் வீரியம் போய்விடும். பத்து நிமிஷம் ஆனதும் நன்றாக அலசி, வைப்பரால் தள்ளி, தரை காய்ந்த பிறகுதான் நாயை உள்ளே விடு. ஈரத்தில் நின்றால் விரல் இடுக்கு புண்ணாகும். பழைய நாய்களின் கூண்டு முதலில், புதிதாக வந்தவை அடுத்து, கடைசிக்கோடியில் இருக்கிற தனிக்கூண்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். தனிக்கூண்டின் துடைப்பம் வேறு எங்கும் போகக் கூடாது.

சாப்பாடு காலை ஏழு, மாலை ஆறு. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத்தான் போட வேண்டும். தீனியைத் திடீரென்று மாற்றினால் மறுநாளே பேதி. வந்த முதல் நாள் தட்டைத் தொடாமல் இருப்பது சகஜம், இருபது நிமிஷம் வைத்துப் பார்த்து எடுத்துவிடு. வளர்ந்த நாய் இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் உரிமையாளருக்குப் போன் செய். சின்ன இனக் குட்டியென்றால் அவ்வளவு பொறுக்காதே, ஒரு நாள் பட்டினியிலேயே சர்க்கரை இறங்கித் தள்ளாடும். ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. தண்ணீர் கிலோவுக்கு 50, 60 மில்லி என்று வைத்துக்கொள், பத்து கிலோ நாய் அரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடாதே, முக்கியமாக லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய நாய்களை. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கும். உடனே டாக்டரிடம் ஓடு, டீ குடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே கிடையாது.

தோழிகள் விஷயத்தில் எனக்கு ரொம்பக் கவலை அவர்கள் கையாலும் பையாலும்தான். பாசத்தில் வடையைப் பிய்த்துப் போடுவார்கள், அதில் வெங்காயம். சர்க்கரைப் பொங்கலில் உலர்திராட்சை, அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவு சொல்ல முடியாது. வெண்பொங்கலில் ஊற்றுகிற நெய் சில நாய்களுக்குக் கணையத்தை வீங்கவைத்துவிடும். கறிக்குழம்பு எலும்பு வெந்ததும் ஊசி ஊசியாக உடையும். கரும்புச் சக்கையை மெல்லாமல் விழுங்கினால் குடலில் போய் அடைக்கும். பைகளைத் தரையில் வைக்க விடாதே, அலமாரி மேல் தட்டில் வைக்கச் சொல். தலைவலிக்கு வைத்திருக்கிற பாராசிட்டமால், இபுப்ரோஃபென், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங் கம் எல்லாமே நாய்க்கு விஷம். எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே, அந்த உப்பே ஆபத்து. மாத்திரை அட்டையையோ உறையையோ கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடு.

உதவி செய்கிறோம் என்று கேட்டால் வேலை இருக்கிறது, கொடு. துணி மடிக்கலாம், தண்ணீர்க் கிண்ணம் தேய்க்கலாம், நீ பிடித்துக்கொண்டிருக்கிற நாயைச் சீவிவிடலாம். கதவு, தீனி, மருந்து இந்த மூன்றும் உன் கையில் மட்டும். கம்பி இடுக்கில் விரலை விட வேண்டாம் என்று சொல். தன் வீட்டில் குட்டி வளர்க்கிறவள் யாராவது இருந்தால் நம் பின்கட்டுக்குப் போட்டுக்கொள்ள வேறு செருப்பு கொடு, பார்வோ செருப்படியில் ஒட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேரும்.

யாரையாவது கடித்துவிட்டால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. தோலில் போடுகிற முறையில் வெறிநாய்க்கடி ஊசி 0, 3, 7, 28-ஆம் நாள்களில், 0 என்பது முதல் ஊசி போடுகிற நாள். நடுவில் ஊருக்குப் போனாலும் விடாமல் அங்கேயே தொடரச் சொல். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று உரிமையாளருக்கும் தெரிவி.

போகி அன்று விடியற்காலை பழைய பாயும் டயரும் எரிகிற புகை பனியோடு சேர்ந்து தரையிலேயே நிற்கும். பக், ஷிட்சு மாதிரிச் சப்பை மூக்கு நாய்களும் வயசான நாய்களும் உள்ளறையில் இருக்கட்டும், ஜன்னலைச் சாத்து, வெயில் ஏறிப் புகை கலைகிற வரை முற்றம் வேண்டாம். மற்றவற்றை அன்று மட்டும் 5.30-க்கு ஐந்து நிமிஷம் ஒதுங்கிவர விட்டால் போதும். பிள்ளைகள் அடிக்கிற போகி மேளத்துக்கு நடுங்குகிற நாய்க்குக் கூண்டின் ஒரு மூலையைத் துணியால் மூடி இருட்டாக்கிக் கொடு. மாட்டுப் பொங்கல் அன்று சலங்கை கட்டிய மாடுகள் தெருவில் போகும், பச்சை வலையை ஏற்றவே ஏற்றாதே.

காத்தாடியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ வளர்ந்த ஊர்தான். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் முற்றத்தில் வந்து விழத்தான் செய்கிறது. நாயை விடும் முன் ஒவ்வொரு முறையும் தரையையும் முருங்கை மரத்தையும் ஒரு பார்வை பார். பாதத்தை அறுக்கும் என்பதைவிட விழுங்கிவிட்டால்தான் பெரிய ஆபத்து. மலத்துவாரத்தில் நூல் தொங்கினால் இழுக்காதே, குடலையே அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

தினமும் ஈறைப் பார். ரோஜா நிறமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். உடல் சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சரி. வாத்து கத்துவது போல வறட்டு இருமல் வந்தால் அது பக்கத்துக் கூண்டுகளுக்கும் பரவும், உடனே தனிக்கூண்டுக்கு மாற்று. குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் வந்தால் பார்வோ என்றே வைத்துக்கொண்டு கிளம்பு. பகலில் நம் டாக்டர், அவர் இல்லாவிட்டால் வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி. மூலக்கடை, பெரம்பூர், புரசைவாக்கம் வழியாகப் போ. மழை பெய்திருந்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போகாதே, தண்ணீர் தேங்கியிருக்கும்.

காணும் பொங்கல் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கூட்டிப்போக வந்து நிற்பார்கள், உன் தோழிகளும் அன்றைக்குத்தான் கிளம்புவார்கள். தோழிகளை முதல் நாள் ராத்திரியே மூட்டை கட்டி வைக்கச் சொல். குளிப்பாட்ட வேண்டிய நாய்களை அன்று காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் குளிப்பாட்டி, காதுக்குள்ளும் ஈரமில்லாமல் துடை. ஒரு நாய் வெளிக்கேட்டைத் தாண்டிய பிறகுதான் அடுத்ததை எடுக்க வேண்டும், வாசலில் இரண்டு நாய் நேருக்கு நேர் வந்தால் சண்டைதான். எடையை அட்டையில் எழுதிக் காட்டு. சாப்பிடாத வேளை, இளகிப்போன மலம், கீறல் எது இருந்தாலும் அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிடு. மீதித் தீனி, போர்வை, பொம்மை எல்லாவற்றையும் பேர் பார்த்துக் கொடு.

ப்ளீச்சிங் பவுடர் ஒரு கிலோ புதிதாக வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வெப்பமானி, இடுக்கி, கட்டுத்துணி மூன்றும் சமையலறை அலமாரியில் நீல டப்பாவில். தோழிகளுக்குப் பாய் நாலும் போர்வையும் பரணில் இருக்கின்றன, வெயிலில் ஒருமுறை போட்டு எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா