மெட்டிக்குக் கீழே இருந்த புண்

அன்புள்ள விஜி,

ஐந்து மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மேட்ரன் அம்மா ரிட்டையர் ஆகிவிட்டார். விழாவில் உன் பெட்ஷீட் கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நர்ஸாக இருக்கும் துணை சுகாதார நிலையத்துக்கு மாதம் தவறாமல் வரும் ஒரு அக்கா. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. போன செவ்வாய் கூட்டம் இல்லை. "செருப்பைக் கழற்றுக்கா, காலைப் பார்க்கணும்" என்றேன். "காலுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்றார். விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. சோப்பு நுரை போட்டு மெல்ல உருவினேன். அடியில் சுற்றிலும் புண், சீழ். நான் உருவும்போதும் அவர் பேரன் கதை பேசிக்கொண்டிருந்தார். வலியே தெரியவில்லை, விஜி! அன்றே தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். விரல் தப்பிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் நூறு ஓபி பார்ப்பவருக்குச் செருப்பைக் கழற்றச் சொல்ல ஏது நேரம்? எனக்கு இருக்கிறது. ஆனால் அதே அக்காவுக்கு மூன்று மாதமாக பிரஷர் 170. பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி.யை 10 ஆக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆக்க எனக்கு அனுமதி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் 9 கிலோமீட்டர். போனால் ஒருநாள் கூலி போச்சு என்று அவர் போகவே இல்லை. டாக்டரிடம் வீடியோவில் பேசும் அரசின் இ-சஞ்சீவனியில் மூன்று தடவை முயன்றேன், சிக்னல் இல்லை. கடைசியில் டாக்டருக்கே போன் போட்டேன். "பத்து குடுங்க சிஸ்டர்" என்றார். ரெஜிஸ்டரில் எழுதிவைத்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? வேலையை எங்கள் கையில் கொடுத்தவர்கள் அதற்கான அதிகாரத்தையும் கொடுக்க வேண்டாமா?

உங்கள் இங்கிலாந்தில் தனிப் பயிற்சி முடித்த நர்ஸ் 2006லிருந்தே ஏறக்குறைய எல்லா மருந்தும் எழுதலாம். நீ அனுப்பிய, பல சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் 2018 காக்ரேன் ஆய்வை பஸ்ஸில் இரண்டு தடவை படித்தேன். 18 சோதனைகள், நர்ஸ் பார்த்தாலும் நோயாளிக்குக் குறைவில்லை, பிரஷர் கொஞ்சம் கூடவே கட்டுப்படுகிறது. ஆனால் அதில் நடுத்தர வருமான நாடு ஒன்றே ஒன்றுதான். இங்கே அப்படியே பொருந்துமா என்று யோசனையாக இருக்கிறது. 2019இல் மருத்துவ ஆணையச் சட்டத்தில் டாக்டர் அல்லாதவர்களும் சில மருந்துகள் எழுத வழிவிடும் 32ஆம் பிரிவை எதிர்த்து டாக்டர்கள் ஸ்ட்ரைக் செய்தார்களே, அரைகுறைப் பயிற்சியோடு யார் வேண்டுமானாலும் மருந்து எழுதிவிடுவார்கள் என்ற அவர்கள் பயம் நியாயம்தான். அப்படியென்றால் எங்களுக்கு முழுப் பயிற்சி கொடுக்கட்டும்.

பிரஷர் மாத்திரையை எப்போது, எவ்வளவு கூட்டலாம், எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தந்தால் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் பயிற்சிக் குறிப்புகளை உடனே அனுப்பு. வழக்கம்போல ஆறு மாதம் இழுக்காதே!

மெட்டியைக் கழுவிக் கவரில் போட்டு என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். புண் ஆறியதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாமா என்று அக்கா நேற்றும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்புடன்,
மல்லிகா