அது பிளட் அகார் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், 'தட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறையை இனி மறந்துவிடலாம்' என்று ஒரு வரி. 31 வருடம் லேபில் அந்தத் தட்டுகளோடு, அதாவது அகார் என்ற கடல்பாசிக் கூழில் கிருமிக்கு வேண்டிய சத்தைக் கலந்து உறையவைத்த தட்டுகளோடு, இருந்தவள் நான். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

புது இயந்திரம் சில நிமிடத்தில் கிருமியின் பெயரைச் சொல்லிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். சொல்லும்தான், மறுக்கவில்லை. ஆனால் மால்டி-டாஃப் என்ற அந்த இயந்திரத்துக்குள் வைக்கிற துளிக் காலனி, அதாவது கிருமிக் கூட்டம், பெரும்பாலும் ஒரு தட்டில் வளர்த்து எடுத்ததுதானே? எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் முல்லர்-ஹின்டன் என்ற வகை அகாரில் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் வளராமல் நிற்கிறது என்று அளந்து பார்த்துத்தான் எத்தனையோ லேப்களில் இன்றும் சொல்கிறார்கள். தாங்கள் அறியாததல்ல.

அதே பகுதியில் வந்த சிவப்புத் தட்டின் படத்துக்குக் கீழே 'ரத்தத்தில் வளர்ந்த கிருமிகள்' என்று போட்டிருக்கிறீர்கள். அது ரத்தம் கலந்த பிளட் அகாரே இல்லை, மெக்கான்கி என்ற வேறு வகை அகார். அந்தச் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மெக்கான்கியில் பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் இருப்பதால் கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும்) வகைக் கிருமிகள் பெரும்பாலும் தலைதூக்காது. வளர்கிறவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் புளிக்கவைப்பவை அமிலம் விடும், அதில் கலந்திருக்கிற நியூட்ரல் ரெட் என்ற சாயம் சிவந்துவிடும். ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் சிவப்பு, அதிலும் கிளெப்சியெல்லா லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டாலே கோழை மாதிரி இழுபடும். டைஃபாய்டு கிருமியும் சீதபேதி தரும் ஷிகெல்லாவும் நிறமில்லாமல் நிற்கும். அடுத்து எந்தச் சோதனைக்குப் போவது என்பதை அந்த ஒரு தட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

எங்கள் தெருவில் பத்து வயதுப் பையனுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். வைடால் என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்று டைஃபாய்டுக்கு மருந்து கொடுத்தார்கள், இறங்கவில்லை. வைடால் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. எப்போதோ வந்துபோன டைஃபாய்டும், ஏன் வேறு காய்ச்சலும்கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். நான் சண்டை போட்டு பிளட் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுக்க வைத்தேன். மெக்கான்கியில் ஒன்றுமில்லை. பிளட் அகாரில் பொன்னிறக் காலனிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த வளையம். மேனிட்டால் சால்ட் அகாரில் 7.5 சதவீத உப்பையும் தாங்கி வளர்ந்து மஞ்சளாக்கியது. கோயாகுலேஸ் சோதனையும் பாசிட்டிவ். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிராம் பாசிட்டிவ் கிருமி! கால் எலும்பில் சீழ் பிடித்திருந்தது. கால் வலிக்கிறது என்று அவன் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது அப்புறம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஒருமுறை, சாக்லேட் அகாரில் சாக்லேட் கலப்பதாகவே எழுதியிருந்தீர்கள். சூடாக்கிய ரத்தத்தின் நிறம் அது, ஹீமோஃபிலஸ் மாதிரி கிருமிக்கு வேண்டிய சத்து அந்தச் சூட்டில்தான் வெளிவரும் என்று அப்போதே கடிதம் போட்டேன், அது இதழில் வரவில்லை. கிருமி ஆராய்ச்சி முன்னோடி ராபர்ட் காக் பற்றிய கட்டுரையில், ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடுகிறதே என்று அவருடைய ஆய்வகம் தவித்தபோது, தன் சமையலறை அனுபவத்திலிருந்து அகாரைச் சொன்ன ஃபேனி ஹெஸ்ஸே பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அதற்கும் எழுதினேன். நம் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்தும் அகார் தயாராகிறது, அதைப் பற்றியாவது ஒரு பக்கம் போடலாமே என்று கேட்டிருந்தேன்.

லேபில் இருப்பவர்களை யாரும் மதிப்பதில்லை சார். பிளட் அகாருக்கு ஆட்டு ரத்தம் வாங்கச் செலவாகிறது, ரத்த வங்கியில் மிஞ்சியதை ஊற்றிக்கொள் என்று என்னிடமே ஒரு மேலதிகாரி சொன்னார். மனித ரத்தத்தில் மருந்தும் எதிர்ப்புப் பொருளும் இருந்தால் கிருமி வளராது, வளையமும் சரியாகத் தெரியாது, நோய்த்தொற்று பயமும் உண்டு. மாட்டேன் என்றேன். ஆறு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. ஆன்டிபயாட்டிக் நாலு நாள் கொடுத்துவிட்டு சாம்பிள் அனுப்புவார்கள், எதுவும் வளரவில்லை என்று எழுதினால் எங்களைத்தான் திட்டுவார்கள். இப்போது உங்கள் பத்திரிகையும் மறந்துவிடலாம் என்கிறது.

மறுப்புக் கட்டுரை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'சென்ற இதழில் வந்த படம் மெக்கான்கி அகார்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும் அந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை